பைக் ரேஸ்: எந்தப் படியில் யார்? வாசகர் கேள்வி-பதில்

மோட்டோ2, மோட்டோ3 என்கிறார்களே, எண் கூடக் கூடப் பந்தயமும் பெரிதா? (நாகர்கோவில்)

தலைகீழ். இவை உலக மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் படிகள். மோட்டோ3தான் கீழ்ப்படி: 250 சிசி (என்ஜின் அளவு), ஒற்றை சிலிண்டர். அங்கே ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்தே எடை பார்ப்பார்கள். 152 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒல்லிப் பையனுக்குத் தனிச் சலுகை போய்விடக் கூடாதல்லவா! அடுத்து மோட்டோ2. 2019 முதல் எல்லா அணிக்கும் ட்ரையம்ஃபின் 765 சிசி என்ஜின்தான். என்ஜின் ஒன்றே என்பதால் ஓட்டுபவரின் கைத்திறன் பளிச்சென்று தெரியும்; மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. உச்சியில் மோட்டோஜிபி. 2012 முதல் 1000 சிசியாக இருந்ததை 2027 முதல் 850 என்று வைத்திருக்கிறார்கள். 2023-ல் இத்தாலியின் முகெல்லோ டிராக்கில் தென்னாப்பிரிக்க வீரர் பிராட் பிண்டர் மணிக்கு 366 கிலோமீட்டரைத் தொட்டார்.

சூப்பர்பைக் பந்தயத்திலும் 1000 சிசிதானே ஓடுகிறது? (மார்த்தாண்டம்)

ஓடுகிறது. ஆனால் மோட்டோஜிபி வண்டி பந்தயத்துக்கென்றே செய்தது, எந்தக் கடையிலும் கிடைக்காது. 1988-ல் தொடங்கிய உலக சூப்பர்பைக் பந்தயத்தில் ஷோரூமில் விற்கும் மாடலைத்தான் மெருகேற்றி ஓட்டுவார்கள்.

அண்ணா, முப்பந்தல் ரோட்டில் 130 தாண்டிப் போகிறேன். ரோடு ரேஸ் என்றால் ரோட்டில் ஓட்டுவதுதானே? (ஆரல்வாய்மொழி)

இல்லை தம்பி. மண்ணில் ஓடும் மோட்டோகிராஸிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் அந்தப் பெயர். தார்ப்பாதைதான், ஆனால் மூடிய டிராக். விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கும், கொடி காட்ட ஆள் நிற்கும், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். முப்பந்தலில் என்ன இருக்கிறது? காற்றாடியைச் சுற்றவைக்கும் அதே கணவாய்க் காற்று லாரியைத் தாண்டியதும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பிரிட்டனுக்கு அருகே ஐல் ஆஃப் மேன் தீவில் ஊர்ச்சாலையை மூடிவிட்டு நடத்தும் டிடி பந்தயம் 1907 முதல் நடக்கிறது. அந்தத் தீவின் மலைப்பாதையில் இதுவரை 260-க்கும் மேற்பட்டோர் உயிர் போயிருக்கிறது. அத்தனை காவலும் பயிற்சியும் இருந்தே அப்படி. தயவுசெய்து நிறுத்துங்கள்.

மகனுக்குப் பதினெட்டு. ரேஸ்தான் வேண்டும் என்கிறான். பயமாக இருக்கிறது. (ஓர் அம்மா, குலசேகரம்)

பயப்படுவது சரிதான் அம்மா. ஆனால் அடக்கிவைத்தால் அவன் போகும் இடம் நான்குவழிச்சாலைதான். நம் நாட்டிலேயே படிகள் இருக்கின்றன. தேசியப் பந்தயத்தில் புதியவர்களுக்கு நோவிஸ் பிரிவு உண்டு: 165 சிசி வரையிலான வண்டி, கண்ணாடியையும் விளக்கையும் கழற்றியதைத் தவிர ஏறக்குறைய கடையில் வாங்கியபடியே. அதற்கு மேல், கொஞ்சம் மெருகேற்றிய வண்டிகளின் ப்ரோ-ஸ்டாக் 165 பிரிவு. அடுத்து 301 முதல் 400 சிசி வரை. பெண்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. சென்னைப் பையன் சரத்குமார் இங்கே ஓட்டிப் பழகித்தான் 2011-ல் 125 சிசி உலகப் பந்தயத்துக்கு (மோட்டோ3-க்கு முன்பிருந்த கீழ்ப்படி) போனார்.

ஓட்ட, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் லைசென்ஸ் வேண்டும். அதற்கு முதலில் பயிற்சிப் பள்ளி. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் டிராக் இருக்கிறது. நமக்குக் கோவைதான் பக்கம். பள்ளி வண்டியிலேயே பழகக் கிடைக்குமா என்று கேளுங்கள்; கிடைத்தால் பைக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் லெதர் சூட், முதுகுக் கவசம், பூட்ஸ், நல்ல ஹெல்மெட் வாங்கலாம். பந்தய நாளில் அவனோடு நீங்களும் போய் அமர்ந்து பாருங்கள். விழுந்தவன் எழுந்து, தூசு தட்டி நடந்து வருவதை நீங்களே பார்த்தபின் முடிவெடுங்கள்.