கருகிய உறை அசலா?

கேள்வி: 1937-இல் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலின் தபால் என்று ஓரம் கருகிய உறை ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. அசல்தானா? வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: கருகலை அப்புறம் பாருங்கள், முதலில் தேதி முத்திரை. மே 3 அன்று பிராங்பர்ட்டிலிருந்து கிளம்பிய ஹிண்டன்பர்க், மே 6 அன்று நியூஜெர்சியின் லேக்ஹர்ஸ்ட்டில் இறங்கும்போது தீப்பற்றியது. ஏற்றியிருந்த சுமார் 17,000 தபால்களில் மிஞ்சியவை ஏறத்தாழ 360-தான். முந்தைய ஆண்டு அது லேக்ஹர்ஸ்ட்டுக்கு 10 தடவை போய்வந்தபோது சுமந்த தபால் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் ஒன்றை எடுத்து ஓரத்தைத் தீயில் காட்டி விற்பதுதான் மோசடிக்காரர்களின் பழைய வேலை. 1936 முத்திரை இருந்தால் பேச்சே வேண்டாம்.

1937 மே தேதி இருந்தாலும் அவசரப்படாதீர்கள். புறப்பட்ட அன்றிரவே கொலோன் நகரில் ஒரு மூட்டை கீழே போடப்பட்டது. அந்தக் கடிதங்கள் தீயைப் பார்க்கவே இல்லை. திரும்பும் பயணத்துக்காக அமெரிக்காவில் காத்திருந்த கடிதங்களும் அப்படியே. அவை கடல்வழி போயின.

இனி கருகல். கட்டாக அடுக்கிய கடிதம் விளிம்பில் கரியாகி, உள்ளே வரவர பழுப்பு மங்கும். மெழுகுவத்தியில் காட்டியதில் ஒருபக்கம் மட்டும் புகைக்கரி படிந்திருக்கும். தப்பியவற்றை அமெரிக்க அஞ்சல்துறை கண்ணாடித்தாள் உறையிலிட்டு அலுவல் சீட்டு ஒட்டி அனுப்பியது. அந்த உறையும் கூடவே இருந்தால் பெரிய பலம். தப்பிய கடிதங்களை முகவரியோடு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செப்பலின் (ஹிண்டன்பர்க் வகை வான்கப்பல்) தபால் நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

பாதுகாப்பில் தயவுசெய்து எதையும் 'சரிசெய்ய' வேண்டாம். கருகிய விளிம்பை வெட்டினால் ஆதாரமே போயிற்று. கழுவினால் முத்திரை மை கரையக்கூடும். செலோடேப்பின் பசை தாளுக்குள் இறங்கும், லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. பிவிசி உறையும் ஆகாது. பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து, படுக்கவைத்தே வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் கரித்துகள் உதிரும். உதிர்ந்ததையும் எறியாமல் தனி உறையில் சேர்த்துவிடுங்கள். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போடாதீர்கள்: ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கட்டும், அதற்கு வெகுவாகக் கீழே போனால் கருகிய தாள் அப்பளமாக நொறுங்கும்.