அடுப்படிக் கேள்விகள்: நத்தைக்கு விழுந்த மெடல்

கேள்வி: அமெரிக்காவில் நம் ஊர் சமையல்காரர் விஜய்குமாருக்குப் பெரிய விருது கிடைத்ததாக வாட்ஸப்பில் வந்தது. மிஷலின் ஸ்டார் என்கிறார் என் தம்பி. அது இல்லை, வேறு விருது என்கிறாள் மகள். எது சரி?
- வாசகி, பெரியகுளம்

இருவர் சொல்வதும் சரிதான் அம்மா. இரண்டுமே கிடைத்தது, ஆனால் வேறு வேறு வருஷத்தில்.

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 'செம்ம' என்று ஒரு கடை. 2021-ல் திறந்தார்கள். ரோனி மஜும்தார், சிந்தன் பாண்டியா இருவரும் நடத்தும் நிறுவனத்தின் கடை அது. அடுப்பு விஜய்குமார் பொறுப்பில். மறு வருஷமே அந்தக் கடைக்கு மிஷலின் ஸ்டார் வந்துவிட்டது. மிஷலின் என்கிற உணவகக் கையேடு சிறந்த கடைகளுக்குக் கொடுக்கிற நட்சத்திரம் அது. உங்கள் தம்பி சொல்வது அதைத்தான்.

மகள் சொல்வது 2025 ஜூன் 16 அன்று சிகாகோவில் கொடுத்த ஜேம்ஸ் பியர்ட் விருது. ஜேம்ஸ் பியர்ட் அமெரிக்கச் சமையலைப் பற்றி நிறைய எழுதியவர், சமையல் பள்ளி நடத்தியவர். 1985-ல் காலமானார். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை 1991-லிருந்து விருது கொடுத்து வருகிறது. அமெரிக்காவை 12 வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு சிறந்த சமையல் கலைஞரைத் தேர்ந்தெடுப்பார்கள். நியூயார்க் மாநிலம் தனி வட்டாரம். உலகத்துச் சாப்பாடெல்லாம் ஒரே தெருவில் கிடைக்கிற ஊர் அது. அங்கே அந்த வருஷம் முதலிடம் பிடித்தவர் நத்தம் பக்கத்துப் பிள்ளை விஜய்குமார். வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி மெடலை வாங்கினார். அதே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை போட்ட அந்நகரின் 100 சிறந்த உணவகங்கள் பட்டியலிலும் செம்மதான் முதலிடம்.

கேள்வி: நத்தைக் கறி போட்டு விருது வாங்கினாராமே! எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நத்தையெல்லாம் ஒரு சாப்பாடா? பஞ்சத்துக்குத் தின்றதை எதற்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும்?
- வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, ஒரே ஒரு கறிக்காகக் கொடுத்த விருது இல்லை அது. அந்தக் கடையில் தோசை இருக்கிறது, திண்டுக்கல் பிரியாணி இருக்கிறது, குடல் வறுவல் இருக்கிறது. நத்தைப் பிரட்டலும் இருக்கிறது. இஞ்சியும் புளியும் சேர்த்துப் பிரட்டி, கல்தோசையோடு கொடுக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியை நான் சும்மா விடப்போவதில்லை. எனக்குப் பிறந்த ஊர் சாணார்பட்டி பக்கம். ஐப்பசி மழை நின்ற மறுநாள் அம்மா விடியலிலேயே வரப்புக்குப் போய்விடுவாள். முந்தானையில் நத்தையை அள்ளிக் கட்டி வருவாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிச் சோறு. ஆறு பேர் வயிறு நிறையச் சாப்பிடுவோம். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு அதையே தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். ஈரல் என்றேன். அப்புறம் மூடியைக் கையால் மறைத்துக்கொண்டே தின்று முடித்தேன். அதற்குப் பிறகு நத்தை சமைத்த நாளில் சோறே கொண்டுபோனதில்லை.

வளர்ந்து, திண்டுக்கல்லில் மெஸ் போட்டேன். 27 வருஷம் நடத்தினேன். கோலா உருண்டை, குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல் எல்லாம் பலகையில் எழுதினேன். நத்தையை மட்டும் எழுதவே இல்லை. சுமை தூக்கும் இரண்டு பேர் மழைக்காலத்தில் கேட்பார்கள். அவர்களுக்குப் பின்கட்டில் வைத்துப் போடுவேன், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல். அந்த இரண்டு பேரையும் ஏன் முன்னால் உட்கார வைக்கவில்லை என்று இன்றைக்கு நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

விஜய்குமாரும் சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கியவர்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் நத்தையை உயர்ந்த பண்டமாக வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது சமையல் படிக்கப் போன இடத்தில்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிகாகோ மேடையில் அவர் பேசியதைக் கேட்டேன். ஏழை சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று எதுவும் கிடையாது, சாப்பாடு சாப்பாடுதான் என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கறுத்த பையன் இப்படி ஒரு இடத்துக்கு வருவான் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை என்றும் சொன்னார். என் மகன் போனைக் கையில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னேன்.

நீங்கள் பஞ்சத்துச் சாப்பாடு என்கிறீர்கள். பஞ்சத்தில் எங்களைக் காப்பாற்றியது அதுதான் ஐயா.

கேள்வி: இதற்கு முன்னால் இந்தியர்கள் யாருக்காவது இந்த விருது கிடைத்திருக்கிறதா?
- கல்லூரி மாணவி, மதுரை

கிடைத்திருக்கிறது. 2019-ல் தெற்கு வட்டாரத்துக்கான விருதை விஷ்வேஷ் பட் வாங்கினார். குஜராத்தில் பிறந்தவர், மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்ற சின்ன ஊரில் சமைக்கிறவர். விஜய்குமார் வாங்கிய அதே நியூயார்க் மாநில விருதை 2022-ல் வாங்கியவர் நான் மேலே சொன்ன சிந்தன் பாண்டியா. 'தமாக்கா' என்ற கடைக்காக. அதே வருஷம் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் மெஹர்வான் இரானி தொடங்கிய 'சாய் பானி' அமெரிக்கா முழுவதற்குமான சிறந்த உணவகம் ஆனது. பேல்பூரியும் வறுத்த வெண்டைக்காயும் விற்கிற கடை!

கேள்வி: நான் சின்ன ஹோட்டல் நடத்துகிறேன். 'தென்மண்டலத்தின் சிறந்த உணவகம்' என்ற விருதுக்கு என் கடை தேர்வாகியிருப்பதாகப் போன் வந்தது. விழாச் செலவுக்கு 25,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா அக்கா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

கட்டாதீர்கள் தம்பி. எனக்கும் இதேபோல் போன் வந்தது. கணவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினேன். ஒரு மண்டபத்தில் அறுபது எழுபது பேரை வரிசையில் நிற்க வைத்துக் கேடயம் கொடுத்தார்கள். கொடுத்தவர் என் கடையில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. கேடயத்தில் கடையின் பெயரில்கூட எழுத்துப் பிழை. அதைக் கல்லாவுக்கு மேலே மாட்ட எனக்கு மனசு வரவில்லை.

யார் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும். மிஷலின் ஆட்கள் யாரென்று சொல்லாமல் வந்து சாப்பிடுவார்கள், பில்லுக்கு அவர்களே காசு கொடுப்பார்கள். ஜேம்ஸ் பியர்ட் விருதுக்குச் சாப்பிட வருகிற பொதுமக்களே பெயர் சொல்லலாம். ஜனவரியில் நீளமாக ஒரு பட்டியல் வரும், வசந்தத்தில் அதைச் சுருக்குவார்கள், ஜூனில் முடிவு. உங்களுக்குப் போன் செய்தவரிடம் ஒன்று கேளுங்கள்: என் கடையில் என்றைக்குச் சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்? பதில் வராது. அந்த 25,000-ஐ வைத்து ஒரு நல்ல கிரைண்டர் வாங்குங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடிக்கப்போகிறான். கேட்டரிங் படிக்க வேண்டும் என்கிறான். அவன் அப்பா, 'சட்டி கழுவவா உன்னைப் படிக்க வைத்தேன்' என்று கேட்டுவிட்டு அவனோடு பேசுவதே இல்லை. நான் யார் பக்கம் நிற்பது?
- தாய், தேனி

பையன் பக்கம் நில்லுங்கள். ஆனால் அவனுக்கு உண்மையையும் சொல்லிவிடுங்கள். விஜய்குமாருக்கு இன்ஜினியரிங் படிக்கத்தான் ஆசை. வீட்டில் பணம் இல்லை. திருச்சியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேர்ந்தார். சென்னையில் தாஜ் கன்னிமாரா, அப்புறம் கப்பல் வேலை, அப்புறம் கலிபோர்னியாவில் பர்லிங்கேம் ஊரின் 'ரசா'. அந்தக் கடையும் அவர் காலத்தில் மிஷலின் ஸ்டார் வாங்கியது. இதெல்லாம் இருபது வருஷத்துக்கு மேல் அடுப்பு முன்னால் நின்ற கணக்கு. கால் வீங்கும், கை சுடும், பண்டிகைக்கு வீட்டில் இருக்க முடியாது. வருகிற லீவில் நெரிசலான ஒரு மெஸ்ஸில் ஒரு மாதம் வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் விடுங்கள். அதற்குப் பிறகும் இதே படிப்புதான் வேண்டும் என்றால் அப்பாவிடம் நான் பேசுகிறேன், கடிதத்தில் நம்பர் அனுப்புங்கள்.

கேள்வி: நத்தையை எப்படிச் சுத்தம் செய்வது? பாட்டி போன பிறகு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.
- வாசகி, நத்தம்

நத்தத்திலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! வயல் நத்தைதான் எடுக்க வேண்டும். தோட்டத்துச் சுவரில் ஏறுகிற பெரிய ஆப்பிரிக்க நத்தையைத் தொடாதீர்கள். மருந்தடித்த வயலில் எடுக்காதீர்கள். இன்றைக்கு அதுதான் பெரிய கஷ்டம், தெரிந்தவர் வயலாகப் பாருங்கள்.

ஒரு ராத்திரி முழுக்க அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு வையுங்கள், மண்ணைக் கக்கிவிடும். காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து, வாயில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, கோணூசியால் சதையைச் சுழற்றி இழுங்கள். வால் பக்கத்துக் குடலைக் கிள்ளி எறியுங்கள். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வழவழப்பு போகிற வரைக்கும் ஐந்தாறு தண்ணீர் அலசுங்கள். அப்புறம் குக்கரில் முழுதாக வேக வையுங்கள். அரைவேக்காட்டு நத்தையில் உள்ள புழு மூளை வரைக்கும் போகும், இதில் அவசரமே கூடாது. வெந்ததும் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, அம்மியில் நுணுக்கிய மிளகு சீரகம். கடைசியில் கொஞ்சம் புளி.

பாட்டி என்ன போட்டு வதக்குவார் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். எங்கள் அம்மா கொத்தமல்லி விதையை வறுத்துப் போடுவாள்.