தகரக் கூரையில் வெப்பமானி குறைவாகக் காட்டுவது ஏன்?

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட் தோட்ட வீட்டில் புதுத் தகரம் மாற்றிய பிறகும் பாட்டியின் அறை கொதிக்கிறது, ஆனால் துப்பாக்கி வெப்பமானி கூரையை 36 டிகிரி என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கருவி பழுதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

அது சூட்டைத் தொட்டு அளப்பதில்லை. பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைப் பெற்றுக் கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு சுமார் 0.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் முடிய, அங்கிருந்து 1 மில்லிமீட்டர் வரை அகச்சிவப்பு. அதற்கப்பால் மைக்ரோ அலை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரைதான் பார்க்கும். பளபளக்கும் புதுத் தகரம் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும். மீதிக்குக் கீழே உள்ள தரை, சுவரின் கதிரைப் பிரதிபலிக்கும். நீங்கள் பார்த்த 36 பெரும்பாலும் உங்கள் அறையின் சூடு!

ஹார்ட்வேர் கடையில் கறுப்பு வயர் டேப் வாங்கித் தகரத்தின் உட்புறம் அழுத்தி ஒட்டுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, கருவியின் கதிர்வீச்சுத் திறன் (emissivity, பொருள் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்ற அளவு) அமைப்பை டேப்புக்கு ஏற்ப 0.95-இல் வைத்து, டேப்புக்கு அருகே பிடித்து அளந்தால் உண்மை தெரியும். ஏணி ஏறும்போது தயவுசெய்து ஒருவர் கீழே பிடித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், பேரன்மேல் கதிர் படுமோ என்ற பயம் வேண்டாம். கருவி அகச்சிவப்பை வாங்குகிறது, அனுப்புவதில்லை. குறிபார்க்கும் சிவப்பு லேசரை மட்டும் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள்.

அறைக்கு என் யோசனை: கூரையின் வெளிப்புறம் வெள்ளைச் சாயம். வெயிலைத் திருப்பும், ஏறிய சூட்டையும் அகச்சிவப்பாக நன்றாக வெளியேற்றும். பாட்டிக்காக இதை முதலில் செய்யுங்கள்.