தொழிற்கல்வி பசங்களுக்கு பட்டறை டிரெய்னிங்: கேளுங்க, சொல்றேன்

கோயம்புத்தூர்ல பம்ப் பார்ட்ஸ் பண்ற பட்டறைல நான் சூப்பர்வைசருங்க. வருஷாவருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வொகேஷனல் பசங்க இங்க வேலை பழக வர்றாங்க. தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: தம்பி, என் பையன் மெக்கானிக்கல் குரூப். டிரெய்னிங் போற கம்பெனில கூட்டறதும் டீ வாங்கறதும்தான் வேலைங்கறான். அனுப்பட்டுமா?

அனுப்புங்கக்கா, ஆனா எந்த மெஷின்கிட்ட விடுவாங்க, பக்கத்துல யார் நிப்பாங்க, முடிச்சு வர்றப்ப பையனுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு ஸ்கூல் சார் முன்கூட்டியே கம்பெனிக்காரங்ககிட்ட பேசி எழுதி வாங்கிடணும். ஷிப்ட் முடிஞ்சா சிப்ஸ், அதாவது மெஷின்ல வெட்டி விழுந்த இரும்புத் துருவல் அள்றது எல்லாருக்கும் உள்ள வேலைதான், அது மட்டுமே வேலைன்னா பையனை வேற இடத்துக்கு மாத்திடுங்க. எங்ககிட்ட வந்தா முதல்ல மெஷின் கிடையாது, மெஷின்ல கடைஞ்சு முடிச்ச ஷாஃப்ட்டுகளை (உருண்டைத் தண்டு) கைல குடுத்து அளக்க விடுவோம். டிராயிங்ல 25 மில்லிமீட்டர், மைனஸ் 0.02 வரை போலாம்னு இருக்கும். பெருசா இருந்தா இன்னொரு கட் போட்டு சரி பண்ணிக்கலாம், 24.98க்கு கீழ போயிட்டா பீஸ் ஸ்கிராப்தான். சாதா வெர்னியர் அளவுகோலோட லீஸ்ட் கவுன்ட்டே, அதாவது அது காட்டற சின்ன அளவே 0.02, அப்ப இங்க இன்னும் நுணுக்கமா அளக்கற மைக்ரோமீட்டர்தான் எடுக்கணும்னு பையனுக்கா தோணணும், அது தோணிருச்சுன்னா அவன் வேலைக்கு ரெடி ஆயிட்டு இருக்கான்னு அர்த்தம்.

கேள்வி: அண்ணா, எனக்கு 17 வயசு. லேத்ல விடுவாங்களா?

லேத்னா இரும்பச் சுத்த விட்டுக் கடையற மெஷின், அதுல பழக்கி விட்டு, அனுபவஸ்தர் ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாத்தான்மா விடலாம். ஆபத்தான மெஷின்னா, ஆபத்த விளக்கிச் சொல்லி, போதுமான பயிற்சி குடுத்தோ அனுபவஸ்தர் மேற்பார்வைலயோதான் விடணும்னு 1948 தொழிற்சாலை சட்டத்துலயே இருந்துச்சு. ஓடற லேத்துகிட்ட துப்பட்டா, லூஸ் கை, கிளவுஸ் எதுவும் கூடாது. பீஸைப் பிடிக்கற சக்க இறுக்கற சாவிதான் சக் கீ, அத சக்குலயே விட்டுட்டு ஸ்விட்ச் போட்டா பறந்து வந்து அடிக்கும், அதனால கீய கழட்டி வச்சப்புறந்தான் கை ஸ்விட்ச்சுக்கு போகணும். அவசரப்படுத்தறாங்கன்னா தயங்காம "தெரியாதுங்க, சொல்லிக் குடுங்க"ன்னு கேளு.

கேள்வி: காசு குடுப்பாங்களா?

படிக்கறப்ப போற டிரெய்னிங்ல எதிர்பாக்காதீங்க. பிளஸ் டூ வொகேஷனல் முடிச்சு அப்ரண்டிஸா, அதாவது ஒப்பந்தம் போட்டு வேலை பழகறவனா ஒரு வருஷம் சேந்தா ஸ்டைபண்ட் (மாச உதவித்தொகை) உண்டு, 2019ல வந்த விதில குறைஞ்சது மாசம் 7,000னு வச்சாங்க, அந்த குறைஞ்சபட்ச தொகைல பாதிய மத்திய அரசு தருது. சென்னை தரமணில இருக்கற அப்ரண்டிஸ் டிரெய்னிங் போர்டுதான் நம்ம பக்கம் பாக்கறாங்க. ஒப்பந்தம் பதிவாச்சான்னு பாத்துட்டு சேருங்க, பதிவு இல்லைன்னா கடைசில சர்டிபிகேட்டும் கிடையாது.

கேள்வி: மேல படிக்க முடியுமா?

தாராளமா. பாலிடெக்னிக்ல நேரா இரண்டாம் வருஷம் சேரலாம்.

கேள்வி: எங்க ஸ்கூல் கிராமத்துல. எலக்ட்ரிக்கல் குரூப் எடுக்கறேன், சுத்துவட்டாரத்துல கம்பெனியே இல்ல. பசங்களை எங்க அனுப்பறது?

மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்குமே டீச்சர்? அங்க அனுப்புங்க. எரிஞ்ச காயிலைப் பிரிச்சு சுத்து எண்றது, கம்பியோட தடிமனை கேஜ்ல போட்டுப் பாக்கறது, புதுசா சுத்தி மெக்கர்ங்கற மீட்டர் வச்சு இன்சுலேஷன் டெஸ்ட் பண்றது, எல்லாம் சிலபஸ்ல படிக்கறதுதான். கடைக்காரருக்கு சீசன்ல கூட்டம் அதிகம், அதனால ஒரு தடவைக்கு ரெண்டு பேரா அனுப்புங்க, தினமும் செஞ்ச வேலைய நோட்டுல எழுத வச்சு அவர்கிட்டயே கையெழுத்து வாங்குங்க.