மலை இறங்கும்போது பிரேக் ஏன் கைவிடுகிறது?

கேள்வி: ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினோம். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று பெரும்பாலும் நியூட்ரலில் வந்தேன். பர்லியார் அருகே தீய்ந்த வாடை. பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. பிரேக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ஆனால் முதலில் மாற்ற வேண்டியது நியூட்ரல் பழக்கத்தை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது, ஈர்ப்பு விசையால் 2 கோடி ஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படும். 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், அத்தனையும் உராய்வில் வெப்பமாக மாறியாக வேண்டும். டயரும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

அளவுக்கு மீறிச் சூடானால் பிரேக் பேடின் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) உராய்வுத் திறன் குறையும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் விஷயம் வேறு: பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதாக ஆக, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். உங்களுக்கு எது நடந்தது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, கியரில் வந்தால்? சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தத் தடையே வண்டியைப் பிடித்து வைக்கும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோல் கணக்கும் தப்பு: இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவது அநேகமாக நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட பெட்ரோல் செலவாகும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. அப்போது சில மிதிகளிலேயே பிரேக் பூஸ்டர் (கால் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) உதவி தீர்ந்துபோகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும்.



இனி இறங்கும்போது செகண்ட் கியர், வேகம் ஏறினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள். காலை பெடலிலேயே வைத்திருக்காதீர்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் கோணிப்போகலாம். நிறுத்திய வண்டி உருளாமலிருக்க கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.