கோவையில் முதியோர் குடியிருப்பு: வாங்குவதா, டெபாசிட் கட்டிப் போவதா?

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவன், ஓய்வூதியம் பெயருக்குத்தான். வங்கி டெபாசிட்டில் 60 லட்சம் இருக்கிறது. நங்கநல்லூரில் 2005-ல் 18 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் இன்று 1.30 கோடிக்குப் போகும். ஒரே மகன் மெல்பர்னில். கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு பதிவுச் செலவோடு 80 லட்சம். பராமரிப்பு, சாப்பாடு சேர்த்து மாதம் 38,000. இன்னொரு இடத்தில் 25 லட்சம் டெபாசிட் போதும், காலி செய்யும்போது திருப்பித் தருவார்களாம். மாதக் கட்டணம்தான் கூடுதல். சென்னை வீட்டை விற்று எதில் போகலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், சார். அதே குடியிருப்பில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் இருந்து பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிப் போட்ட வீடுகள் கோவையில் வாடகைக்குக் கிடைக்கும். சென்னை ஃபிளாட்டையும் வாடகைக்கு விடுங்கள், விற்காதீர்கள். அவர்கள் வைக்கும் சாம்பார் ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு மணியடித்தால் நர்ஸ் வருகிறாரா என்பதெல்லாம் அங்கே இருந்தால்தான் தெரியும்.

நீங்கள் 80 லட்சத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த 38,000-ஐப் பற்றி. சமையல்காரர், காவலாளி, நர்ஸ் என்று அது பெரும்பாலும் ஆள் சம்பளம், வருடாவருடம் ஏறும். 8 சதவீதம் ஏறினால் ஒன்பதே வருடத்தில் 76,000. அப்போது உங்கள் மனைவிக்கு வயது 71தான்.

வருமானப் பக்கம் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம். இருவரும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,23,000 வரும், மாதத்துக்கு 41,000. இன்றைய செலவுக்குச் சரி. ஆனால் அந்த வட்டி ஐந்து வருடத்துக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. மருந்து, இன்ஷூரன்ஸ் பிரீமியம், மகனைப் பார்க்கப் போகும் டிக்கெட் எல்லாம் இதற்கு வெளியே. அதனால் வீட்டை விற்கும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் உங்கள் பிழைப்பைத் தீர்மானிக்கும்.

அங்கேதான் வரி வருகிறது. விற்றால் லாபம் 1.12 கோடி, 12.5 சதவீதம் என்றால் வரி 14 லட்சம், மேல்வரி தனி. லாபத்தை வேறு வீடு வாங்கப் போட்டால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. 80 லட்சத்துக்கு வாங்கினால், இந்தக் கணக்கில் மீதி 32 லட்சத்துக்கு மட்டும் அதிகபட்சம் சுமார் 4 லட்சம் வரி. கையில் சுமார் 46 லட்சமாவது நிற்கும். டெபாசிட் கட்டுவது வீடு வாங்கியதாகாது, முழு வரியும் விழும். அதோடு, உங்கள் பணத்தை வைத்திருக்கும் கம்பெனி நொடித்துப்போனால் கடன்காரர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர்.

அவசரப்பட வேண்டியதில்லை. புது வீட்டை முதலில் வாங்கி, பழையதை ஒரு வருடத்துக்குள் விற்றாலும் விலக்கு கிடைக்கும். விற்ற பிறகு வாங்க இரண்டு வருட அவகாசம். ஆனால் வாங்கியதை மூன்று வருடத்துக்குள் விற்றால் அந்தச் சலுகை போய்விடும். பிடிக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு செலவு பாருங்கள்! ஒரு வருட வாடகை அதைவிட மலிவு.

வாங்குவது என்று முடிவானால், திட்டம் தமிழ்நாடு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டட அமைப்பில் குறை வந்தால் ஐந்து வருடம் வரை பில்டர் பொறுப்பு. சாப்பாடும் நர்ஸும் சரியில்லை என்று ரெராவிடம் போக முடியாது. அதற்கு உங்கள் ஒப்பந்தம்தான் துணை. அதில் மாதக் கட்டணத்தை யார், எந்தக் கணக்கில் ஏற்றலாம் என்று எழுதியிருக்க வேண்டும். படுக்கையில் விழுந்தாலோ நினைவு தப்பினாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? உதவியாளருக்கு நாள் கூலி எவ்வளவு? இந்தச் செலவு 38,000-க்கு மேல்தான் வரும்.

மகன் விஷயமும் இருக்கிறது. வயதானவர்கள் மட்டுமே குடியிருக்கலாம் என்ற விதி இருந்தால், பின்னாளில் அவர் அதில் குடியேற முடியாது. மறுவிற்பனைக்கும் ஆள் குறைவு. பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் ஓடும். அதனால் இந்த வீட்டைச் சொத்தாக எண்ணாதீர்கள். மிஞ்சும் 46 லட்சத்தில் பாதியையாவது மியூச்சுவல் ஃபண்டில் நீண்ட காலத்துக்கு விடுங்கள். ஒன்பது வருடம் கழித்து வரும் 76,000-க்கு அதுதான் பதில் சொல்லும்.

ஒப்பந்த நகலை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, மகனுக்கும் அனுப்புங்கள். பணம் கட்டினால்தான் தருவோம் என்கிற இடத்தை விட்டுவிடலாம்.