பொது மருத்துவமா, ரேடியாலஜியா?

அன்புள்ள டாக்டருக்கு,

எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் வரும் பயிற்சி மருத்துவராக, அதாவது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். பொது மருத்துவ வார்டில் போட்ட ஆறு வாரமும் பிடித்திருந்தது. மேற்படிப்புக்கு வீட்டிலோ, “ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன் துறை) எடு, நைட் டியூட்டி இல்லை, நிம்மதி” என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

ம.

அன்புள்ள ம.,

பிடித்தது துறையா, நீங்கள் வேலை பார்த்த யூனிட்டா (மருத்துவர் குழுவா)? நல்ல சீஃப் அமைந்தால் எந்தத் துறையும் இனிக்கும். ஹவுஸ் சர்ஜனுக்கு வாய்ப்பதோ பெரும்பாலும் ரத்தம் எடுப்பதும் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதும். யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் இரண்டாம் ஆண்டு பிஜி (முதுநிலை மாணவர்) ஒருவரோடு காலையிலிருந்து மறுநாள் காலைவரை இருங்கள். வரும் நோயாளிகளை வரிசையாகக் குறியுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காய்ச்சல், குடியால் கெட்ட கல்லீரல், விஷம் குடித்தவர்கள். புத்தகத்தில் மயக்கிய அபூர்வ நோய் அதில் அநேகமாக இருக்காது. இருபதாவது சர்க்கரை நோயாளியின் பாதத்தையும் குனிந்து பார்க்க மனம் வந்தால், அது உங்கள் துறை.

ரேடியாலஜியில் நைட் டியூட்டி இல்லை என்று யார் சொன்னது? விபத்துப் பிரிவு உள்ள மருத்துவமனையில், நள்ளிரவில் வரும் தலைக்காய சிடி ஸ்கேனைப் பிஜிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். பகலில் அல்ட்ராசவுண்ட் வரிசை நீளும். உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான புரோபை அழுத்திப் பிடித்தே தோளும் மணிக்கட்டும் வலிக்கும். கர்ப்பிணி ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி படிவம் எஃப் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் விடுபட்டாலும் சட்டச் சிக்கல். இந்த வேலை பிடித்தவர்களுக்கு அருமையான துறை. ஓய்வுக்காக எடுப்பவர்கள் நொந்துபோவார்கள்.

படிப்புக் காலத்தையும் வீட்டில் பேசுங்கள். இரண்டுக்கும் எம்.டி. மூன்று ஆண்டு. ரேடியாலஜியில் பலர் அதோடு வேலைக்குப் போகிறார்கள். பொது மருத்துவம் முடித்தவர்களில் பலர் இதயம், சிறுநீரகம், நரம்பு என்று இன்னொரு நீட் நுழைவுத்தேர்வு எழுதி மேலும் மூன்று ஆண்டு டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு படிக்கிறார்கள். எம்.டி.யோடு நின்றாலும் குறைவில்லை என்றே நான் நினைக்கிறேன். சிறு ஊர்களில் நல்ல பொது மருத்துவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

இடம் ஒதுக்கும் கவுன்சலிங்கில் பலர் சறுக்குவது விருப்பப் பட்டியலில். ‘என் ரேங்குக்குக் கிடைக்காது’ என்று பிடித்ததைக் கீழே தள்ளாதீர்கள். பட்டியல் மேலிருந்துதான் பார்க்கப்படும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான வாய்ப்பு குறையாது. சேர மனமில்லாத துறையை மட்டும் எழுதவே வேண்டாம். ஒதுக்கப்பட்டுவிட்டால், எந்தச் சுற்று என்பதைப் பொறுத்து வைப்புத்தொகை போகலாம். சேர்ந்துவிட்டு விலகினால் அபராதமும் வரலாம். தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பட்டியலை லாக் செய்வதற்குமுன் அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.